உடுவிலில் வானொலி தொடங்கும் பிள்ளைகளுக்கு

மருதனார்மடம் சந்திக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறோம், கணினி இருக்கிறது, மிக்சர் இருக்கிறது, இரண்டு மைக் வாங்கியாயிற்று, இணைய வானொலி தொடங்கப்போகிறோம், நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். வாழ்த்துச் செய்தி எழுத எனக்கு வராது. ஒலிபரப்போடு காலம் கழித்தவன் என்ற முறையில் சில விஷயங்களை எண் போட்டு எழுதியிருக்கிறேன். ஞாபகம் வந்த வரிசைதான். முக்கியத்துவத்தின் வரிசை இல்லை.

1. மைக்கைத் தொடுவதற்கு முதல் ஒரு முழு நாள் எப்.எம். கேளுங்கள். காலையிலிருந்து இரவு வரை ஒவ்வோர் அலைவரிசையாகத் திருப்புங்கள். 1998இல் சூரியனும் சக்தியும் வந்தன. பிறகு வசந்தம், வெற்றி என்று வரிசையாக வந்தன. எல்லாம் தமிழ்தான், எல்லாவற்றின் கலையகமும் கொழும்புப் பக்கம்தான். 2011 ஜூனில் கொக்காவிலில் 174 மீற்றர் உயரத்தில் கோபுரம் திறந்தார்கள். வன்னியும் குடாநாடும் தெளிவாகக் கேட்கத் தொடங்கின. கோபுரம் நம் பக்கம் வந்தது. குரல் வந்த இடம் மாறவில்லை. இந்த ஒரு நாளில் உடுவில், சுன்னாகம், இணுவில், ஏழாலை என்ற பெயர்கள் எத்தனை தடவை காதில் விழுகின்றன என்று கொப்பியில் குறியுங்கள். பிறந்தநாள் வாழ்த்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தக் கொப்பிதான் உங்கள் முதலீடு.

2. பாட்டை நம்பாதீர்கள். இதைச் சொன்னால் இளம் ஆட்களுக்கு முகம் சுருங்கும், தெரியும். இலங்கை வானொலியின் பெரிய காலத்தைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருப்பீர்கள். மயில்வாகனத்தின் குரல், கே.எஸ். ராஜாவின் வேகம், அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு. குரல்கள் பெரியவை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு தட்டுப்பாடு இருந்தது. 1952இல் இந்தியாவில் கேஸ்கர் என்ற அமைச்சர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார். இங்கே வர்த்தக சேவை 1950இலேயே தொடங்கியிருந்தது. பாட்டுக்குத் தவித்த இந்தியா முழுவதும் கொழும்பைத் திருப்பியது. 1957இல் விவித பாரதியைத் தொடங்கி அவர்களே தங்கள் தவறைத் திருத்திக்கொண்டார்கள். அதற்குள் நமக்கு ஒரு தலைமுறை நேயர்கள் சேர்ந்துவிட்டார்கள். பிறகும் பல ஆண்டுகளுக்கு ஒரு பாட்டைக் கேட்கவேண்டுமானால் வானொலிதான் வழி. தபாலட்டை எழுதிப்போட்டுக் காத்திருந்தோம்.

இப்போது எந்தப் பாட்டும் எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. கிடைக்காத பொருளை விற்றவன் கடை வைத்துப் பிழைத்தான். தெருவெல்லாம் இலவசமாகக் கிடைப்பதை விற்க நீங்கள் ஏன் கடை திறக்கிறீர்கள்? இன்னொன்று, முகநூலிலோ யூடியூப்பிலோ நேரலை போடும்போது திரைப்பாட்டு ஓடினால் உரிமைக்காரர் பக்கத்திலிருந்து ஒலியை அடைத்துவிடுவார்கள். உங்கள் அறிவிப்பும் சேர்ந்து போகும். பாட்டு வேண்டுமென்றால் பக்கத்திலேயே இருக்கிறது. இணுவிலின் நாதஸ்வரமும் தவிலும் உலகம் அறிந்தவை. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைப் பீடம் இருக்கிறது, அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு மேடை தேவை. கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி, பதிவு செய்து போடுங்கள்.

3. அப்படியானால் இன்று எது தட்டுப்பாடு? ஊரைப் பற்றிய நம்பத்தகுந்த சேதி. மருதனார்மடம் சந்தையிலும் சுன்னாகம் சந்தையிலும் இன்று காலை வெங்காயம், கத்தரி, மரவள்ளி என்ன விலைக்குப் போயின. நாளைக்கு எந்த எந்த வீதியில் மின்தடை. பிரதேச சபை எந்த ஒழுங்கையைத் தோண்டப்போகிறது. எந்த நாள் எந்தக் கிளினிக்கில் தடுப்பூசி. தம்பிமார், இதெல்லாம் சின்ன விஷயம் என்று கொழும்பு விட்டுவிட்டது. சின்ன விஷயம் என்பதால்தான் அது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

பெரிய விஷயமும் இப்படித்தான் தொடங்கும். 2014, 2015இல் சுன்னாகம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று கதை பரவியது. நமக்கு வற்றாத ஆறு இல்லை. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் இருக்கிற தண்ணீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக்கூடாது, யார் பரிசோதித்தார்கள், அந்த அறிக்கையில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு விளங்கும் மொழியில் ஒவ்வொரு நாளும் சொல்ல ஓர் ஊர் வானொலி இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் பயமுறுத்தினார்கள், மறுபக்கம் ஒன்றுமில்லை என்றார்கள், சனம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றது. கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், சுன்னாகத்தில் மின் நிலையம் நடத்திய நிறுவனம் நிலத்தடி நீரை மாசுபடுத்தியதற்கு 2 கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளின் தினசரிக் கதையைத் தேடிப்பாருங்கள். பத்திரிகையில் துண்டு துண்டாக இருக்கும். ஒலியில் கிடைப்பது அரிது. அடுத்த தடவை இப்படி ஒன்று வரும்போது நீங்கள் இருக்கவேண்டும். அதற்காகத்தான் மற்ற நாட்களில் வெங்காய விலை.

4. மரண அறிவித்தல். சிரிக்க வேண்டாம். குடாநாட்டில் எந்த ஒலிபரப்பிலும் ஆட்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிற பகுதி இதுதான். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளும் இதற்காகத்தான் உங்களைத் திறப்பார்கள். இணையத்தளங்கள் இந்த வருமானத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன, ஆனாலும் படம் போட்ட பக்கத்தை எல்லாக் கிழவியும் திறந்து வாசிக்கமாட்டா. ஒலிக்கு இன்னும் இடமுண்டு.

வாசிக்கிற முறை இருக்கிறது. “உடுவிலைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட” என்று தொடங்கினால் அந்த இரண்டு ஊர்ப் பெயர்களுக்கும் பிறகு ஒரு மூச்சு விடுங்கள். கேட்கிறவர் அங்கேதான் ஆளைத் தேடுவார். “காலஞ்சென்றவர்களான” என்ற சொல் யார் யாரைச் சேர்கிறது என்று அறிவித்தல் கொடுக்க வந்தவரிடம் நேரே கேட்டு, பென்சிலால் வளையம் போடுங்கள். உயிரோடு இருக்கும் மாமியாரைக் காலஞ்சென்றவராக்கினால் அந்த வீட்டு வாசலை நீங்கள் பிறகு மிதிக்க முடியாது. மருமக்களின் பெயரை விழுங்கக்கூடாது. கிரியை நேரம், மயானத்தின் பெயர், இரண்டையும் இரண்டு தடவை சொல்லுங்கள். தொலைபேசியில் வரும் அறிவித்தலை இன்னோர் ஆளிடம், முடிந்தால் கிராம சேவையாளரிடமோ சனசமூக நிலையத்திலோ, உறுதிப்படுத்தாமல் வாசிக்கவே வேண்டாம். பம்பலுக்கு உயிரோடிருப்பவருக்கு அறிவித்தல் கொடுக்கிற ஆட்களும் உலகத்தில் உண்டு.

கட்டணம் வாங்குங்கள். கொடுக்க முடியாத வீட்டில் வாங்காதீர்கள். இரண்டையும் ஒரே குரலில், ஒரே நீளத்தில் வாசியுங்கள்.

5. அனுமதிப்பத்திரம். இணையத்தில் ஓர் எப்.எம். பரப்பி மலிவாகக் கிடைக்கிறது, கூரையில் ஒரு கம்பி கட்டினால் மூன்று மைலுக்குக் கேட்கும் என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். அதைச் செய்யவேண்டாம். இந்த நாட்டில் தனியார் ஒலிபரப்புக்கு அனுமதி 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்கீழ் அமைச்சரிடமிருந்து வருகிறது. ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றுக்கான சட்டமூலம் 1997இல் வந்தது. அந்த அதிகாரசபை சுயாதீனமாக இல்லை என்று உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதற்குப் பிறகு சுயாதீனமான ஒன்றும் உருவாகவில்லை. 2023இல் இன்னொரு வரைவு வந்தபோதும் ஊடகக்காரர் எதிர்த்தார்கள். ஒரு கையெழுத்து எவ்வளவு செய்யும் என்பதற்கு 2007 ஒக்டோபர் சாட்சி. ஒரு செய்தி பிழை என்று சொல்லி, ஒரே நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் அனுமதியை ஒரேயடியாக இரத்துச் செய்தார்கள். சூரியனும் அதில் ஒன்று. நாடு முழுவதும் கேட்ட வானொலிக்கே அந்த நிலைமை.

சமூக வானொலி என்று நமக்குத் தனி அனுமதி வகை இல்லாமல் போனது இந்தத் தீவின் வேடிக்கைகளில் ஒன்று. இந்தப் பிராந்தியத்தில் அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களே நாங்கள்தான். 1981இல் யுனெஸ்கோவும் டென்மார்க்கும் உதவ, மகாவலி குடியேற்றங்களில் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமம் கிராமமாகப் போனார்கள். 1989இல் கொத்மலை வானொலி வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே செய்த ஒன்றை நீங்கள் இன்றும் திருடலாம்: நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, உள்ளூர் வைத்தியரையோ ஆசிரியரையோ பக்கத்தில் இருத்தி, ஒலிபரப்பிலேயே விளக்குவார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வந்து பார்த்து எழுதினார்கள். ஆனால் எல்லாம் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழ். ஊர்ச்சனத்துக்குச் சொந்தமான வானொலி என்று ஒன்றும் வரவில்லை. அக்கரையைப் பாருங்கள். பாம்பனில் மீனவர்களுக்காகக் ‘கடல் ஓசை’ 2016 முதல் 90.4இல் ஒலிக்கிறது. அலை எவ்வளவு, காற்று எப்படி, கடலுக்குப் போகலாமா என்று அவர்கள் மொழியில் சொல்கிறது. நடுவில் இருப்பது பாக்குநீரிணை மட்டும்.

எனவே இணையத்திலேயே இருங்கள். அங்கேயும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. அதை ஒரு தடவை முழுமையாக வாசியுங்கள். ஒலிபரப்பிய ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவாக வைத்திருங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நாளை ஒருவர் கேட்டால் உங்கள் நினைவைவிட அது பேசட்டும்.

6. செய்தி வாசிக்கிற ஆசை வரும். அவசரப்படாதீர்கள். 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ ஓடியது. இரவில் பி.பி.சி. தமிழோசை. வெரித்தாஸ். கூட்டுத்தாபனச் செய்தி. புலிகளின் குரல். எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கழிக்கவேண்டும் என்று சனத்துக்கே ஒரு கணக்கு இருந்தது. அப்படிப்பட்ட சனத்தின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் நேயர்கள். அவர்களை ஏமாற்றுவது கடினம். ஏமாற்றினால் திரும்பி வரமாட்டார்கள்.

1941இல் தொடங்கிய தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. வெரித்தாஸின் சிற்றலை 2018 ஜூனோடு போயிற்று. அந்த வெற்றிடத்தில் இப்போது வைபர் குழுவும் முகநூலும் இருக்கின்றன. நீங்களும் முகநூலைப் பார்த்துச் செய்தி வாசித்தால் மூன்றாவது வதந்தியாக இருப்பீர்கள். நேரில் பார்த்த ஒருவர், அதைத் தெரிந்திருக்கவேண்டிய அலுவலர் ஒருவர்: இரண்டு பேர் இல்லாமல் ஒன்றையும் சொல்லாதீர்கள். தமிழோசைக்கும் பி.பி.சி.யின் சிங்களச் சேவையான சந்தேசயவுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி சொன்ன மயில்வாகனம் நிமலராஜனை 2000 ஒக்டோபர் 19இல் ஊரடங்கு நேரத்தில் அவருடைய வீட்டில் வைத்துச் சுட்டுக்கொன்றார்கள். இந்த மண்ணில் மைக்குக்கு முன்னால் இருப்பது என்ன வேலை என்று தெரியாமல் அதைத் தொடங்கக்கூடாது. பயமுறுத்த எழுதவில்லை. உங்கள் பெற்றோர் பயப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன்.

7. சென்னைத் தமிழைப் போலப் பேசவேண்டாம். “வணக்கம் நேயர்களே” என்பதை ஒரு கிலோமீற்றர் இழுக்கவும் வேண்டாம். செய்தியை எழுத்துத் தமிழில் வாசியுங்கள், மற்றதெல்லாம் வீட்டுத் தமிழில் இருக்கட்டும். பக்கத்து ஏழாலையில் பிறந்த இலங்கையர்கோன் ‘விதானையார் வீட்டில்’ என்று வானொலித் தொடர் எழுதினார். யாழ்ப்பாணப் பேச்சை வானொலிக்குக் கொண்டுபோய் நாடு முழுவதையும் சிரிக்கவைத்தவர்களில் அவர் ஒருவர். சானா, சில்லையூர் செல்வராசன், ராம்தாஸ் என்று அந்த வரிசை பிறகு நீண்டது. வானொலி நாடகத்துக்குச் செலவு குறைவு: நாலு பேர், ஒரு தகரம், ஒரு வாளி தண்ணீர், ஒரு கதவு. மாதம் ஒன்று செய்யுங்கள். பாட்டுப் போட்டிகள் நடத்துகிற பெரிய நிலையங்கள் இதை எப்போதோ கைவிட்டுவிட்டன.

8. காசு. இதில் நீளமாகச் சொல்ல ஆசை, ஆனால் உங்களுக்கு வாய்ப்பாடு தெரியும். 2022 ஓகஸ்ற்றில் மின்கட்டணத்தைச் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏற்றினார்கள். பிறகு குறைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு சின்ன நிலையத்துக்கு எந்த மாதத்தில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாதிருப்பதே போதும், மூச்சு முட்டும். விளம்பரம் தருகிற புடைவைக்கடை, நகைக்கடை, ரியூட்டரி எல்லாரும் இப்போது முகநூலில் பூஸ்ட் பண்ணுகிறார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அங்கே எண் காட்டுகிறது. உங்களிடம் எண் இல்லை. எனவே கடைக்காரரிடம் எண்ணைப் பற்றிப் பேசாதீர்கள். “உங்கள் கடைப் பெயரை இந்த வாரம் சந்தை விலையோடு சொல்கிறோம், வந்து கேட்கிறவர்களை எண்ணிப்பாருங்கள்” என்று சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் காசு வரும். ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், ஒரு பெரிய மனிதர். வாங்குங்கள். ஒருவரிடமிருந்து மொத்தச் செலவில் கால்பங்குக்கு மேல் வாங்காதீர்கள். முழுவதையும் ஒருவர் தந்தால் ஆறு மாதத்தில் அவருடைய மகளின் அரங்கேற்றம் நாலு மணிநேரம் ஓடும். தேர்தல் வந்தால் அவருடைய மச்சான் வேட்பாளராக இருப்பார். வேட்பாளர் விளம்பரம் எடுக்கலாம். ஒரே விலை, முன்பணம், எல்லாக் கட்சிக்கும், யார் பணம் கட்டினார் என்று சொல்லி.

முதலில் வருகிற காசில் ஒரே ஒருவருக்காவது சம்பளம் கொடுங்கள். எல்லாரும் தொண்டு என்றால், வெளிநாட்டு விசாவோ அரச வேலையோ கிடைக்கிற நாளில் நிலையம் மூடும். நான் பார்த்த சின்ன நிலையங்களில் பலவற்றை எதிரி மூடவில்லை. அறிவிப்பாளர் கல்யாணம் கட்டியது மூடியது.

9. இருபத்துநாலு மணிநேரம் என்று விளம்பரப்படுத்தாதீர்கள். காலை ஆறரை தொடக்கம் எட்டு, மாலை ஆறு தொடக்கம் ஏழரை. போதும். மற்ற நேரம் மௌனமாக இருக்கலாம், சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஆறரை என்றால் ஆறரை. சனம் உங்களை வைத்து மணிக்கூட்டைத் திருத்தவேண்டும்.

10. மின்சாரம் போகும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருட்டு. மின்பிறப்பாக்கி வைத்திருந்தவருக்கும் டீசல் இல்லை. கலையகத்துக்கு ஒரு பற்றறியும் இன்வேர்ட்டரும் முதல் வருடத்திலேயே வாங்குங்கள், சுவருக்கு வர்ணம் பூசுவதற்கு முதல். ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும்: 2025 நவம்பரில் டித்வா புயலில் பல மாவட்டங்களில் தொலைபேசிக் கோபுரங்களே செயலிழந்தன. கோபுரம் விழுந்தால் இணைய வானொலியும் விழும். பற்றறியில் ஓடும் கைறேடியோவுக்கு அந்த நேரத்தில் ஈடில்லை. உங்களால் அந்த வேலையைச் செய்யமுடியாது. அதனால் புயல் வரும் என்று எச்சரிக்கை வந்ததும், கூட்டுத்தாபனத்தின் எந்த அலைவரிசையில் அறிவித்தல் கேட்கலாம் என்று நீங்களே நேயர்களுக்குச் சொல்லுங்கள். போட்டிக்காரனின் பெயரைச் சொல்வதில் வெட்கமில்லை. முடிந்தால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்றையும் சனசமூக நிலையங்களின் தொலைபேசி எண்களையும் ஆயத்தமாக வைத்திருங்கள்.

11. பெண்பிள்ளைகளுக்கு. ஆசியாவின் பழைமையான பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்று 1824இலிருந்து உங்கள் ஊரில் இருக்கிறது. அப்படியிருந்தும் சின்ன வானொலிகளில் பெண்பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் சமையல் குறிப்பும்தான் கொடுக்கிறார்கள். பிரதேச சபைக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற வேலையை ஒரு தங்கச்சிக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால், தங்கச்சி, நீங்கள் எடுங்கள்.

12. பதிவுகள். காந்த ஒலிநாடா விலைகூடிய காலத்தில் பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது உலகம் முழுவதும் வழக்கம். எத்தனை குரல்கள் அப்படிப் போயின என்று யாருக்கும் கணக்கில்லை. உங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. கோப்புக்குத் திகதி, பேசியவர், இடம் போட்டுப் பெயர் வையுங்கள். “ஃபைனல் இரண்டு” என்று வைக்காதீர்கள். 2005 முதல் ஈழத்து எழுத்தை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் அமைப்பினர் ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துகிறார்கள். அவர்களோடு பேசுங்கள். தோட்டக்காரர், தவில்காரர், பழைய தபால்காரர் ஆகியோரிடம் இப்போதே போங்கள். எண்பது வயதுக்காரரை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கக்கூடாது.

13. மூடவேண்டி வரலாம். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முதலே ஒலிபரப்பில் சொல்லுங்கள், காரணத்தோடு. முன்பணம் கட்டிய கடைக்காரருக்கு மீதியைத் திருப்பிக் கொடுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். பதிவுகளின் பிரதி ஒன்றைப் பாடசாலை நூலகத்திலோ நுண்கலைப் பீடத்திலோ ஒப்படையுங்கள். மைக்கையும் மிக்சரையும் விற்கவேண்டாம், அடுத்து வருகிற பிள்ளைகளுக்கு இரவலாகக் கொடுங்கள். கடைசி வாரத்தில் ஒவ்வொரு நாளும், இனி மரண அறிவித்தல் கொடுக்க யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று தொலைபேசி எண்ணோடு இரண்டு தடவை வாசியுங்கள்.